மேட்டில் திணறும் மகிழுந்து: திறன் எங்கே போகிறது?

காராக் நெடுஞ்சாலையில் கஞ்சில் 660 ஓட்டியவர்களுக்கு ஒரு சடங்கு தெரிந்திருக்கும். மேடு தொடங்கும் முன்பே ஏர்கோனை அடைக்க வேண்டும். சன்னலை இறக்க வேண்டும். கியரைக் குறைத்து இடது தடத்தில் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். பின்னால் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு, தாங்களும் சேர்ந்து தள்ளுவதுபோல் முன்னே சாய்ந்து உட்காருவார்கள். அப்படியும் வாழைத்தார் ஏற்றிய லோரி ஒன்று நம்மை முந்திப் போகும்.

ஆண்டிதழுக்குக் கட்டுரை கேட்டு வந்த தம்பி, "அண்ணே, எங்க விடுதியில எல்லாரும் காரை வேகமாக்குறதப் பத்தித்தான் பேசுறாங்க. நீங்க அந்தத் துறைதானே, அதையே எழுதிக் குடுங்க" என்றார். எழுதலாம்தான். ஆனால் என் கதையைச் சொல்லாமல் பாடத்தை மட்டும் சொன்னால் அது பாதிப் பாடமாகிவிடும்.

2004இல் நான் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். எங்கள் வீடு காராக்கை அடுத்த ஒரு தோட்டத்தில் இருந்தது. அப்பா கூட்டுக் கட்டி எடுத்த பணத்தில் 1997ஆம் ஆண்டு கஞ்சில் ஒன்றை எனக்கு வாங்கிக் கொடுத்தார். வார இறுதியில் வீட்டுக்கு வர வேண்டும். அம்மாவுக்குக் கண்புரை முற்றிக்கொண்டிருந்ததால், தலைநகரில் மருத்துவரைப் பார்க்கும் நாள்களில் அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவர வேண்டும். அதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம்.

கஞ்சில் என்றால் சருகுமான். 1994இல் பெரோடுவா நிறுவனம் வெளியிட்ட முதல் மகிழுந்து அது. 2009இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஜப்பானின் டைஹட்சு மிரா என்ற சிறுவண்டியே அதன் மூலம். மூன்று சிலிண்டர், 659 சிசி, 31 குதிரைத் திறன். நம்மில் எத்தனையோ குடும்பங்கள் மோட்டார் சைக்கிளிலிருந்து நான்கு சக்கரத்துக்கு மாறியது அந்த வண்டியில்தான். ஆகவே அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் இருபது வயதில் லோரி முந்திப் போகும்போது அந்த நன்றியுணர்வெல்லாம் வராது.

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். ஒரு குதிரைத் திறன் என்பது 75 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கும் திறன். வண்டி, மூன்று பேர், மூட்டை முடிச்சு எல்லாம் சேர்த்து 900 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலை 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயர்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் போனால் விநாடிக்கு 22 மீட்டர் நகர்கிறோம். அதாவது விநாடிக்கு 1.33 மீட்டர் மேலே ஏறுகிறோம். 900ஐ 1.33ஆல் பெருக்கி 75ஆல் வகுத்தால் 16. வெறுமனே உயரத் தூக்குவதற்கு மட்டும் 16 குதிரைத் திறன் வேண்டும். காற்றை எதிர்க்கவும் டயர் உருளவும் இன்னும் எட்டோ ஒன்பதோ. மொத்தம் 25. இயந்திரம் தருவது 31 என்றாலும் கியர்ப் பெட்டியைக் கடந்து சக்கரத்தை அடைவதற்குள் அதில் பத்துப் பதினைந்து விழுக்காடு போய்விடும். மிஞ்சுவது 27. ஏர்கோன் மூன்றைத் தின்னும். அந்தச் சடங்குக்கு இதுதான் விளக்கம்.

அதுவும் இயந்திரம் தன் உச்சச் சுழற்சியில் இருந்தால்தான் அந்த 31 கிடைக்கும். உச்சத் திறனுக்கு நிமிடத்திற்கு ஆறாயிரத்துக்கு மேல் சுழல வேண்டும். பலர் மூவாயிரத்தைத் தாண்டினாலே ஏதோ உடையப் போகிறது என்று பயந்து மேல் கியருக்கு மாற்றிவிடுகிறார்கள். பிறகு வண்டி இழுக்கவில்லை என்கிறார்கள்.

சரி, அந்தத் திறன் எங்கிருந்து வருகிறது? பெட்ரோலிலிருந்து என்று சொல்லத் தோன்றும். உண்மையில் காற்றுதான் எல்லையை வகுக்கிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம்; காற்று இல்லையென்றால் அது கரும்புகையாகத்தான் வெளியே போகும். நாலடி இயந்திரம் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை மூச்சு இழுக்கிறது. 659 சிசி இயந்திரம் 6,000 சுழற்சியில், ஒவ்வொரு சிலிண்டரும் முழுதாக நிறைந்தால்கூட, நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,980 லிட்டர் காற்றைத்தான் விழுங்கும். திறனைக் கூட்ட வேண்டுமா? ஒரு மூச்சில் இன்னும் நிறைவாக இழுக்கச் செய்யலாம், அடிக்கடி இழுக்கச் செய்யலாம், சிலிண்டரைப் பெரிதாக்கலாம், டர்போ வைத்துக் காற்றை உள்ளே திணிக்கலாம். அழுத்த விகிதத்தைக் கூட்டி அதே காற்றிலிருந்து கொஞ்சம் அதிகம் பிழியலாம். கடையில் விற்கும் எந்தப் பொருளைக் காட்டினாலும் இவற்றில் எதைச் செய்கிறது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் பணம் உங்களுடையது.

இதையெல்லாம் தேர்வுத்தாளில் எழுதி நல்ல புள்ளி வாங்கியவன்தான் நான். வாங்கிய கையோடு கல்விக் கடனிலிருந்து 900 வெள்ளியை எடுத்துக்கொண்டு உபரிப்பாகக் கடைக்குப் போனேன்.

முதலில் கூம்பு வடிவ ஓப்பன் ஃபில்டர். தொழிற்சாலையில் பொருத்திய கறுப்புப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு இதை மாட்டினால் காற்று தாராளமாகப் போகும் என்றார்கள். போனது உண்மைதான், ஆனால் எந்தக் காற்று? அந்தக் கறுப்புப் பெட்டி அனல் குறைந்த இடத்திலிருந்து காற்றை இழுக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. என் கூம்போ இயந்திர மூடிக்குள் கொதித்துக்கொண்டிருந்த காற்றை இழுத்தது. வெளியே 33 பாகை, உள்ளே 60 பாகை என்றால் காற்றின் அடர்த்தி 8 விழுக்காடு குறைந்துவிடும். காசு கொடுத்து 8 விழுக்காட்டை இழந்தேன். உறிஞ்சும் ஓசை மட்டும் அருமையாக இருந்தது.

அடுத்து பெரிய வாய் எக்சோஸ். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "ஏன்டா, சத்தம் லோரி மாதிரி இருக்கு, இழுவை சைக்கிள் மாதிரி இருக்கே?" என்றார். அவர் முப்பது ஆண்டு தோட்டத்து லோரி ஓட்டியவர். நான் பதில் சொல்லவில்லை. குழாயின் அளவு இயந்திரத்துக்கு ஏற்றதாக இருந்தால் பயன் உண்டு. 31 குதிரைக்கு அந்த அகலம் தேவையே இல்லை.

மூன்றாவது, 13 அங்குல ஸ்போர்ட் ரிம். இதுதான் நான் செய்த தவறுகளில் மிக நுட்பமானது. பழைய 12 அங்குலச் சக்கரத்தை விடப் புதியது டயரோடு சேர்த்து 6 விழுக்காடு உயரமாக இருந்தது. சக்கரம் பெரிதானால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி கூடுதல் தூரம் போக வேண்டும். எல்லாக் கியரும் 6 விழுக்காடு உயர்ந்துவிட்டதற்குச் சமம். மேட்டில் கியரைக் குறைக்க வேண்டிய நேரத்தில் நான் நிரந்தரமாக அதைக் கூட்டி வைத்திருந்தேன். போதாக்குறைக்கு வேகமானியும் குறைத்துக் காட்டியது.

பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தம், மின்கலத்திலிருந்து இழுக்கும் வண்ண வண்ணக் கம்பிகள் ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எண்ணெயும் அப்படித்தான். அந்நாளில் 92, 97 என்று இரண்டு வகை இருந்தன; 92க்குப் பதிலாக 95 வந்தது 2009இல். நான் 97 ஊற்றினேன். ஆக்டேன் எண் பெட்ரோலில் உள்ள சக்தியைக் குறிப்பதில்லை. அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதைக் குறிக்கிறது. தாங்க வேண்டிய அழுத்தமே இல்லாத இயந்திரத்துக்கு அதனால் என்ன லாபம்?

இத்தனைக்கும் ஒரே ஒரு பொருளைக்கூட மாட்டுவதற்கு முன் நேரம் அளந்து, மாட்டிய பின் நேரம் அளந்து பார்க்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் அப்படிச் செய்திருந்தால் விரிவுரையாளர் என்னை வெளியே அனுப்பியிருப்பார்.

வண்டி முன்பைவிட மெதுவாகிவிட்டது என்று எனக்கே தோன்றத் தொடங்கியது. அதற்கு நான் கண்டுபிடித்த மருந்து, ஹாஃப் கட். புதியவர்களுக்காகச் சொல்கிறேன்: ஜப்பானில் ஓடி முடித்த வண்டியைப் பாதியாக வெட்டி, இயந்திரமும் கியர்ப் பெட்டியுமாக இங்கே இறக்குமதி செய்து விற்பார்கள். அதே 659 சிசி, அதே மூன்று சிலிண்டர். ஆனால் பன்னிரண்டு வால்வும் டர்போவும் கொண்டது, 64 குதிரைத் திறன். ஜப்பானியச் சிறுவண்டித் தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்ட உச்சவரம்பு அந்த 64. நம் கஞ்சிலின் ஆணிகளிலேயே ஏறத்தாழ உட்காரும் என்பதால் அந்நாளில் பலரும் மாற்றினார்கள். ஒரு சீனத் தவுக்கேயிடம் 200 வெள்ளி முன்பணம் கட்டிவிட்டு, அடுத்த பருவக் கடனுக்குக் காத்திருந்தேன். வீட்டில் சொல்லவில்லை.

அந்தக் காத்திருப்பில்தான் அம்மாவின் தவணை வந்தது. விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். அப்பாவுக்கு வேலை, அம்மாவும் நானும் பக்கத்து வீட்டு அத்தையும். பெந்தோங்கைத் தாண்டி ஏறத் தொடங்கியபோது வண்டி என்றுமில்லாத அளவுக்குத் திணறியது. நான் மனத்துக்குள் 64 குதிரையை நினைத்துக்கொண்டு மிதித்தேன். எதுவோ கருகும் வாடை வந்தது. முன்னால் போகும் லோரியின் கிளட்ச் என்று நினைத்து சன்னலை ஏற்றினேன்.

கெந்திங் செம்பா சுரங்கப்பாதையைக் கடந்தால் கோம்பாக் வரை இறக்கம். இரண்டாவது வளைவில் பிரேக்கை மிதித்தேன். மிதி பஞ்சுபோல் உள்ளே போனது. மறுபடி மிதித்தேன்; தரையைத் தொட்டது.

அந்த நேரத்தில் என்னைக் காப்பாற்றியது நான் படித்த எதுவுமல்ல. அப்பா ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது சொன்ன ஒன்று. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினேன். இயந்திரம் அலறியது. பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். ஒன்றாம் கியர். அவசரத் தடத்தில் தடுப்புக்கம்பியை ஒட்டி நின்றது. அத்தை முருகனை அழைத்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு வெளியே நடந்தது எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. "ஏம்பா நிறுத்திட்ட, வந்துட்டோமா?" என்று கேட்டார்.

இறங்கிப் பார்த்தேன். முன்பக்க இடது சக்கரத்திலிருந்து புகை. புட்டியிலிருந்த தண்ணீரில் சில துளிகளை ரிம்மின் மேல் தெளித்தேன், சுர்ரென்று ஆவியானது.

இழுவை லோரியில் ஏற்றிக்கொண்டு போன பட்டறை அண்ணன் வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுழற்றினார். மூன்று சுழன்றன. அந்த ஒன்று அரைச் சுற்றில் நின்றது. பிரேக் கேலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. மிதியிலிருந்து காலை எடுத்தாலும் அது பிடியை விடுவதில்லை. பல மாதமாக நான் ஒரு பிரேக்கைப் பிடித்தபடியே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இதற்கும் கணக்குப் போடலாம். அந்தச் சக்கரம் பத்துக் கிலோ விசையில் பின்னிழுத்தது என்றால், மணிக்கு 80 கிலோமீட்டரில் அது 3 குதிரைத் திறன். நான் கடைகடையாகத் தேடிய 3 குதிரை அங்கேதான் இருந்தது. அந்த மூன்றும் எங்கும் மறைந்து போவதில்லை, வெப்பமாக மாறும். 2.2 கிலோவாட். வீட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்கேத்தல் ஒன்றைச் சக்கரத்துக்குள் வைத்து நிறுத்தாமல் கொதிக்கவிட்டதுபோல. மேடு ஏறும் நேரம் முழுவதும் அது கொதித்தது. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்தத் தரவரம்பு 140க்கு இறங்கிவிடும். என் வண்டியில் இருந்தது எப்போது மாற்றியது என்று யாருக்கும் தெரியாது. எண்ணெய் கொதித்து ஆவியாகியது, ஆவி அழுத்தினால் சுருங்கும், மிதி பஞ்சானது.

அண்ணன் அத்துடன் விடவில்லை. மூன்று பிளக்கில் ஒன்று எண்ணெய் படிந்து கறுத்திருந்தது. தீப்பொறி விழும் நேரம் பின்தங்கியிருந்தது. கார்புரேட்டரின் நுண்துளைகளில் அழுக்கு. "தம்பி, உங்க வண்டி 31 குதிரைன்னு சொல்றீங்க. நீங்க ஓட்டிக்கிட்டு வந்தது இருபதுகூட இருக்காது. நாலஞ்சு குதிர படுத்துக் கெடக்கு, ஒன்னு ரெண்டு பின்னால இழுக்குது. புதுசா எதுக்குக் குதிர வாங்குறீங்க?" என்றார். கேலிப்பர், எண்ணெய், பிளக், கூலி எல்லாம் சேர்த்து 165 வெள்ளி.

கறுப்புப் பெட்டியைத் திரும்ப மாட்டினேன். நல்லவேளையாக அப்பா அதைத் தூக்கி எறியாமல் கோழிக்கூண்டின் மேல் வைத்திருந்தார். பழைய சக்கரங்களும் வந்தன. பின்பெட்டியில் கிடந்த ஒலிபெருக்கிப் பெட்டி 25 கிலோ, இறக்கினேன். இந்த முறை அளந்தேன். பட்டறைக்குப் போவதற்கு முந்தைய வாரம்தான், தவுக்கேயிடம் பெருமை அடிப்பதற்காக, சமதளத்தில் மூன்றாம் கியரில் 60இலிருந்து 80க்கு நேரம் எடுத்து வைத்திருந்தேன்: 13 விநாடி. இப்போது அதே இடத்தில் 9. பெரிய ரிம் வேகமானியைக் குறைத்துக் காட்டியதையும் கழித்துப் பார்த்தேன். அப்போதும் மூன்று விநாடி மிச்சம்.

ஹாஃப் கட் கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அண்ணனே எத்தனையோ பேருக்கு மாற்றிக் கொடுத்தவர். ஆனால் அவர் முதலில் கேட்பது, "பிரேக்குக்கு எவ்வளவு வெச்சிருக்கீங்க?" என்பதுதான். ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 80இல் போனவர் 110இல் போனால், அதே பிரேக் ஏறத்தாழ இருமடங்கு வெப்பத்தை விழுங்க வேண்டும். குளிர்விப்பான், சக்கரத் தண்டு, இருக்கையின் ஆணி உட்பட எல்லாமே 31 குதிரைக்கு வடிவமைத்தவை. சட்டமும் இருக்கிறது: இயந்திரத்தை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி பெற்று, புதிய இயந்திர எண்ணைப் பதிவு செய்ய வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் விபத்து நேரும் நாளில் இழப்பீடு மறுக்கப்படலாம். இவ்வளவையும் கூட்டிப் பார்த்த பிறகும் செய்ய விரும்புபவர் செய்யட்டும். நான் கூட்டிப் பார்த்தேன். அந்தப் பணத்துக்கு இன்னும் பெரிய வண்டியே வாங்கலாம் என்று வந்தது. தவுக்கே முன்பணத்தில் 100 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தார். மீதிக்கு ஒரு குளிர்பானம் வாங்கிக் கொடுத்தார்.

இன்று நீங்கள் ஓட்டும் மைவியிலும் ஆக்சியாவிலும் கார்புரேட்டர் கிடையாது. காற்றின் அளவையும் தீப்பொறி நேரத்தையும் கணினி பார்த்துக்கொள்கிறது. ஆனால் அந்தக் கணினிக்குச் சக்கரம் இறுகியிருப்பது தெரியாது. ஆகவே வண்டி இழுக்கவில்லை என்று தோன்றினால் கடைக்குப் போகும் முன் இதைச் செய்யுங்கள். இருபது நிமிடம் ஓட்டிவிட்டு, கடைசிச் சில நூறு மீட்டரைப் பிரேக் மிதிக்காமல் உருளவிட்டு நிறுத்துங்கள். ஒவ்வொரு ரிம்முக்கும் அருகே உள்ளங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். முன்சக்கரம் இரண்டும் ஒரே அளவு சூடாக இருக்க வேண்டும், பின்சக்கரம் இரண்டும் அப்படியே. ஒன்று மட்டும் அனல் வீசினால் உடனே பட்டறை. டயர்க் காற்று, காற்று வடிகட்டி, பிளக், பின்பெட்டியில் கிடக்கும் வேண்டாத சுமை இவற்றையும் பாருங்கள். பிரேக் எண்ணெயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. பிறகு ஒரே சாலையில், ஒரே கியரில், நேரத்தை அளந்து எழுதி வையுங்கள்.

அம்மாவுக்கு அந்த ஆண்டு இறுதியில் அறுவைச் சிகிச்சை நடந்தது. கட்டு அவிழ்த்த பிறகு வீட்டுக்கு அழைத்து வந்தேன். கோம்பாக்கிலிருந்து ஏர்கோனை அடைத்துவிட்டு மூன்றாம் கியரில் ஏறினோம். சுரங்கப்பாதைக்குச் சற்று முன் ஒரு லோரி எங்களை முந்தியது. அம்மா அதன் பின்பலகையில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்துக்கொண்டு வந்தார்.